வக்காலத்து மாற்றம்

பங்குக் கிணற்றில் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் முறை. பங்காளி அதை மறித்தபோது அப்பா நாமக்கல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எங்கள் வக்கீல் நான்கு வாய்தாவுக்கு வரவேயில்லை. வேறு வக்கீல் வைக்கலாம் என்று சொன்னவள் நான்தான். குடும்பத்தில் பி.யூ.சி. முடித்தவள் நான் ஒருத்தி. எனக்குத் தெரியாதது எங்கள் ஊரில் எதுவுமில்லை என்றிருந்தேன்.

மூன்று வக்கீல்களைப் பார்த்தோம். ஆட்சேபணை இல்லை என்று பழைய வக்கீல் எழுதிக் கொடுக்காமல் எங்கள் வழக்கைத் தொட மாட்டோம் என்றார்கள் மூவரும். வைத்தியரை மாற்றுவதற்குப் பழைய வைத்தியரிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள்? பழையவர் வீட்டுக்குப் போனால் குமாஸ்தா சிரித்தார்.

"ஏனுங்க, வக்கீலென்ன செருப்பா, கடிக்குதுன்னு மாத்தறதுக்கு?"

"கடிச்சாலும் பரவால்லீங்க. இது நடக்கவே மாட்டேங்குதே" என்றேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சம்மதம் கிடைக்கவேயில்லை.

கோர்ட் அனுமதித்தால் சம்மதம் தேவையில்லை என்று அந்த மூவரில் ஒருவர் வாய்தவறிச் சொல்லியிருந்தார். நானே மனு எழுதினேன். கீழே அப்பா கையெழுத்துப் போட்டார். நான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மனு விசாரணைக்கு வந்த அன்று பழைய வக்கீல் தவறாமல் வந்திருந்தார்.

"என் கட்சிக்காரர் கைநாட்டு. பிராதில் அவர் வைத்த ரேகையைப் பாருங்கள். இது வேறு யாரோ போட்ட கையெழுத்து."

அப்பாவை அங்கேயே எழுதிக் காட்டச் சொன்னார் நீதிபதி. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். முதல் எழுத்து வந்தது. பிறகு கை நின்றுவிட்டது. நான் எழுந்து பேசப் போனேன். டவாலி உட்காரச் சொன்னார். மனு தள்ளுபடி.

வழக்கு அந்த வக்கீலிடமே கிடந்தது. அடுத்த வாய்தாவுக்கு நீங்கள் வர வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் குமாஸ்தா. நாங்கள் போகவில்லை. வக்கீலும் போகவில்லை. யாரும் வரவில்லை என்று வழக்கையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

தோட்டத்தில் மஞ்சள் பயிர் பாதிக்கு மேல் காய்ந்த பிறகு, அரை நாள் தண்ணீராவது விடச் சொல்லிக் கேட்க அப்பா பங்காளி வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

"நீ வேண்டாஞ் சாமி. நீ பேசிப்போடுவே" என்றார்.