ஊற்றுக் குழியில் அணைந்த மெழுகுதிரி

ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் அபிட்டூர் சோதனை நெருங்கியபோது அம்மா எனக்காக நேர்த்தி வைத்தார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அம்மா பள்ளிக்கூடப் படியே மிதித்ததில்லை. குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவள் நான். அதில் எனக்குப் பெருமை அதிகம். நேர்த்தியெல்லாம் வேண்டாம், நான் படித்துத்தான் வைத்திருக்கிறேன் என்றேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாதா கோவிலில் யாரோ ஓர் அக்கா சொல்லியிருந்தார். ஐஃபல் மலைப்பக்கம், பழைய எரிமலைகளுக்கு நடுவில், ஒரு கிராமத்துப் பொது ஊற்று இருக்கிறதாம். தண்ணீர் தானாகவே சோடா மாதிரிப் பொங்குமாம். பக்கத்தில் மாதா சுரூபமும் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா கொலோனிலிருந்து காரை எடுத்தார்.

ஊற்று நிலமட்டத்துக்குக் கீழே, கல்லால் கட்டிய வட்டக் குழிக்குள் இருந்தது. கல்லெல்லாம் துருப்பிடித்த நிறம். ஊர்க்காரர்கள் தண்ணீர் பிடிக்க மேலேயே ஒரு குழாய் இருந்தது. ஒரு ஜெர்மன் பெண் போத்தல்களை நிரப்பிக்கொண்டு, எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஆணி ஊறப் போட்ட சோடா. இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா குடியுங்கோ. வயித்துக்கு நல்லதாம்," என்றார் அம்மா.

மாதா சுரூபம் குழியின் அடியில், சுவரோடு ஒட்டிய சிறிய மாடத்தில் இருந்தது. அம்மா மெழுகுதிரியோடு படியிறங்கினார். முழங்காலில் நின்று, திரியைக் கொளுத்தி, மாடத்துக்குள் வைத்தார். அணைந்தது. திரும்பக் கொளுத்தினார். மறுபடியும் அணைந்தது.

"காத்தடிக்குது போல," என்று அப்பா மேலிருந்து சொன்னார்.

காற்றே இல்லை. குழியைச் சுற்றி நின்ற புல் நுனிகூட அசையவில்லை. அப்போதுதான் அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குருவி கிடப்பதைக் கண்டேன். காயம் எதுவும் இல்லை. தூங்குவது போலக் கிடந்தது.

வேதியியல் வகுப்பில் ஆசிரியை கண்ணாடிப் பாத்திரத்துக்குள் எரியும் குச்சியை இறக்கி, அது அணைவதைக் காட்டியது ஞாபகம் வந்தது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை நான் பரீட்சைக்காகத்தான் படித்திருந்தேன். இப்போது என் அம்மா அதற்குள் முழங்காலில் நின்றார்.

"அம்மா, எழும்புங்கோ. அங்க கூடாத வாயு இருக்கு."

"பொறு பிள்ளை. உன்ர சோதனைக்கு வைக்கிற திரி. அணைஞ்சபடி விட்டிட்டு வர ஏலாது."

சுடரை மறைக்கச் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு, முகத்தை இன்னும் கீழே கொண்டுபோனார். அவருடைய முதுகு வேகமாக ஏறி இறங்கியது. லைட்டரைத் தட்டும் விரல் தவறித் தவறிப் போனது.

"தலை சுத்துது," என்றார், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

அம்மா என்னைவிடப் பாரம். இழுத்தால் வரமாட்டார், இழுத்துக்கொண்டு நின்றால் நானும் விழுவேன். மூச்சை அடக்கி, தலையை நிமிர்த்தியபடி இறங்கினேன். அம்மாவைத் தொடவில்லை. மாடத்திலிருந்த மெழுகுதிரியைப் பறித்துக்கொண்டு மேலே ஓடினேன்.

"அடியே, தா அதை! மாதாவின்ர திரி!"

பின்னால் சேலை கல்லில் உரசும் சத்தம் கேட்டது. அது நடுவில் நின்றது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பிறகு மறுபடியும் உரசியது. மேல்படிக்கு வந்ததும் அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். கை பாதியில் விழுந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்தார். முகம் முழுக்க வியர்வை.

அப்பா பக்கத்தில் வந்து குந்தினார். அம்மாவின் முதுகைத் தடவினார். பிறகு என் கையிலிருந்து மெழுகுதிரியை வாங்கி மேல்சுவரில் ஒட்டிக் கொளுத்தினார். சுடர் ஆடாமல் நின்றது.

நான் அதைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையும் மார்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எரியுதுதானே," என்றார் அம்மா, மெதுவாக. "பிறகேன் நடுங்கிறாய்? நீ பாஸ் பண்ணுவாய்."

"ஓம் அம்மா. இன்னொருக்கா மூச்சை இழுங்கோ," என்றேன். "இன்னொருக்கா."