அம்மா முடிக்காத ஒப்பீடு

என் அம்மா ஞானசுந்தரி, கும்மிடிப்பூண்டியில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினாள். அப்பா இறந்த பிறகு, 2008இல், வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தாள். அப்போது வயது நாற்பத்தொன்று. ஆசிரியை ஆகாவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

கற்பித்தல் பயிற்சி எளாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு அறிவியல். கரும்பலகையைப் பார்த்து எழுதும் குறிப்பா, கணினியில் பார்த்து எழுதும் குறிப்பா, எது மனதில் நிற்கிறது என்று ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ கடைசி வருடம். பழைய கணினி ஒன்றை இரவல் வாங்கி ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய்ப் பொருத்தினேன். பாடத்தின் நடுவே வோல்டேஜ் இறங்கும், திரை அணையும்.

"டீச்சர், இன்டர்வெல்லா?" என்பான் ஒருவன்.

கரும்பலகைக் குறிப்புகள் அழகாக இருந்தன. தலைப்புகளுக்குச் சிவப்புக் கோடு. ரமணம்மா என்ற பெண்ணின் நோட்டுக்கு அம்மா பத்துக்குப் பத்து போட்டாள். பிறகு ஒரு வரி படிக்கச் சொன்னாள்.

"எழுதத்தான் வரும் டீச்சர். படிக்க வராது."

வீட்டில் தெலுங்கு. எழுத்துகளைப் படம்போல் பார்த்து வரைந்திருந்தாள். அவளைப் போல் பாதி வகுப்பு இருந்தது.

அம்மா மூன்றாவது வழி ஒன்றை வைத்தாள். பாடம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். பிறகு பார்க்காமல், தெரிந்த எழுத்தில், பிழையானாலும் எழுத வேண்டும்.

"தெலுங்குல சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டாள் ரமணம்மா.

"சொல்லு. பக்கத்துல இருக்கறவ தமிழ்ல திருப்பிச் சொல்லட்டும்."

கல்லூரியில் வழிகாட்டி மணவாளன் சார் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "தலைப்புல ரெண்டுதானம்மா இருக்குது? மூணாவது எங்கேர்ந்து வந்துது?"

"பசங்களுக்கு அதான் சார் புரியுது."

"அப்ப பரீட்சை வெச்சு நம்பர் கொண்டாங்க. நடுவுல ஒருநாள் லீவு போட்டாலும் பயிற்சி செல்லாது, பாத்துக்கோங்க."

அந்த வாரம் அம்மாவின் கண் மஞ்சளானது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். "காமாலைக்கு டாக்டரு இன்னாத்துக்கு? பத்தியமா இருந்தா போயிடும்." அம்மா அதை நம்பினாள். அதற்கு லீவு தேவையில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வாம்மா," என்றேன்.

"வெள்ளிக்கெழம பரீட்சை முடியட்டும்டி. இத்த வுட்டா நமக்கு இன்னா கீது?"

மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு தினமும் பஸ் ஏறினாள். வியாழக்கிழமை வகுப்பில் விழுந்தாள். நானும் கன்னியம்மா அத்தையும் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈரல் போய்விட்டது என்றார்கள். கட்டிலில் படுத்தபடி கேள்வித்தாளை என் கையில் திணித்தாள்.

"நீ போய் வெச்சிட்டு வா."

போனேன். வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்தேன். நான் திரும்புவதற்குள் இறந்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து விடைத்தாள்களோடு மணவாளன் சாரைப் பார்த்தேன். தாள்களைப் புரட்டிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஆளே இல்லாம நம்பர எங்கம்மா போடறது?" என்றார்.

தாள்களை நானே திருத்திப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரமணம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு எவ்ளோக்கா?"

"பத்துக்கு ஏழு."

"பாத்து எழுதலக்கா," என்றாள்.