சீர் வந்தது, மடி வரவில்லை

என் கண் பூனைக்கண். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள். "இன்னாப்பா, டீ குடிச்சியா?" என்று நான் கேட்டவுடன் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. பிரான்சில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், ஆற்றங்கரையில் வாழும் ஏதோ ரோமப் பிராணியின் தோலை வாங்கி விற்றார். தம்பி புதுச்சேரியில் இறங்கி வெள்ளாட்டுத் தோல் வாங்கினார். அண்ணன் அங்கே தோல் கொடுத்த பழங்குடி வீட்டிலேயே பெண் கட்டினாராம். தம்பி இங்கே ஆடு வளர்த்த வீட்டில் கட்டினார். கடல் குறுக்கே கிடந்தும் இரண்டு பேருக்கும் புத்தி ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. நாங்கள் தம்பி வழி. அண்ணனின் வம்சம் எங்கே இருக்கிறதோ, தெரியாது.

தோல் வாங்கும் வீட்டில் உறவு சொல்லித்தான் பேச வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். போன ஊரிலெல்லாம் அண்ணன், தம்பி. சும்மா வாய்வார்த்தை இல்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் முறை செய்தார்கள். வடக்குப்பட்டில் ஒருவரை என் அப்பா அண்ணன் என்று கூப்பிட்டார். அதனால் அவருடைய ஒரே மகள் எனக்குத் தங்கச்சி ஆனாள். அப்பா இறந்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே இருந்து என்னைச் சாப்பிட வைத்தவள் அவள்தான்.

தோல் வியாபாரம் அப்பாவோடு முடிந்தது. அந்த ஊர்களிலிருந்து விசேஷப் பத்திரிகை வருவது மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் தங்கச்சியின் பெண்குழந்தைக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அன்றைக்குப் பார்த்து எனக்கு முதல் ஷிப்ட், போதாததற்கு ஆடிட். ஆடும் இல்லை, தோலும் இல்லை, இன்னும் எதற்கு இந்த அலைச்சல் என்று எனக்கு அலுப்பு. பட்டுப்பாவாடை, வளையல், பழமெல்லாம் தட்டில் அடுக்கி, தெரிந்த ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

"தட்டை மட்டும் அனுப்புறது இன்னா முறை?" என்றாள் என் மனைவி. காதில் விழாதது போல் கிளம்பிவிட்டேன்.

பத்து மணிக்கு ஆட்டோக்காரர் கம்பெனி கேட்டில் வந்து நின்றார், அதே தட்டோடு.

"வாங்க மாட்டேன்ட்டாங்கண்ணே. சீர் வந்துச்சு, மடி வரலியேன்னு உன்னாண்ட கேக்கச் சொன்னாங்க. கொயந்தய வெச்சிகினு அப்டியே குந்தினு கீறாங்க. மாமியா வூட்டு ஜனம் ஒரு மாதிரி பேசுது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே ஓடி மேனேஜரிடம், தங்கச்சி வீட்டு விசேஷம், போக வேண்டும் என்றேன்.

"உனக்குத்தான் தங்கச்சியே இல்லியேப்பா."

"கீது சார்," என்று சொல்லிவிட்டு, யூனிபார்மோடு ஆட்டோவில் ஏறினேன்.

பந்தலில் என்னைக் கண்டதும் அவள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். என்னை மணையில் உட்காரச் சொல்லி, குழந்தையை மடியில் வைத்தாள். காது குத்த வந்த ஆசாரி என் கண்ணைப் பார்த்தார், என் நிறத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவராம்மா?"

"ஆமா," என்றாள் அவள். "எங்கண்ணன்."

ஊசி காதில் படுவதற்கு முன்னாலேயே நான் அழுதுவிட்டேன். குழந்தை அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.