வெள்ளிக்கிழமை முறுக்க வேண்டிய போல்ட்டுகள்

காலை ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு என் கைப்பேசி அடித்தது. "அம்மா, வண்டி நின்னு போச்சு. ரெண்டாவது பாலத்து நடுவுல இருக்கேன். ஒரே புகை" என்றாள் மகள். பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. பினாங்கில் கடலுக்கு இந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டிலிருந்து, தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பதினொரு பேர் வேனில் இருந்தார்கள்.

"எல்லாரையும் ஓரமா நிக்கச் சொல்லு. நீ ரேடியேட்டர் மூடியத் தொடாத" என்றேன். பேசி முடித்தும் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. பயம் ஒரு காரணம்தான். இன்னொரு காரணமும் இருந்தது. அது எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த வேன் என் கணவருடையது. அவர் இறந்துபோனபின் மகள் படிப்பை நிறுத்திவிட்டு, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் அதே ஓட்டத்தை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்று முறை தாமதமானால் ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது தொழிற்சாலையோடு ஒப்பந்தம். டீசல் என்ஜின் கிழடாகி இரண்டு முறை ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. அதனால்தான் என்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டக் கொடுத்தோம். மெக்கானிக் என் கணவரின் பழைய சிநேகிதர். என்னை அக்கா என்பார். மகளுக்கு அவர் மாமா.

புதன்கிழமை அவரே வேனை எங்கள் அடுக்குமாடி வாசலுக்கு ஓட்டி வந்தார். மகள், அதுவரை ஓட்டத்துக்கு எடுத்திருந்த வாடகை வேனில் வெளியே போயிருந்தாள்.

"அக்கா, வேலை இன்னும் முடியல. என்ஜின் மேல்மூடி, அந்த ஹெட்டு போல்ட்டெல்லாம் சூடு கண்டபிறகு இன்னொரு தடவ முறுக்கணும், இல்லன்னா தளந்துரும். ரெண்டு நாளு வெறும் வண்டியா ஓட்டிட்டு வெள்ளிக்கிழமை கொண்டாந்துருங்க. ஆள் மட்டும் ஏத்தாதீங்க. நீங்க கேட்டதுனாலதான் இன்னிக்கே குடுக்கறேன்."

நான்தான் அவசரப்படுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமை மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் எதையும் தொடங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாட்காட்டியில் வியாழன் விடியற்காலைக்கு நல்ல நேரம் போட்டிருந்தது. புதுப்பித்த என்ஜினின் முதல் ஓட்டம் அந்த நேரத்தில் நடந்தால் என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னால் அவள் ஆள் ஏற்ற மாட்டாள், நாளும் தவறிவிடும். வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை அனுப்பினேன். அருமையாக ஓடியது. சனிக்கிழமை மெக்கானிக் கூப்பிட்டு, "வண்டி வரலியேக்கா" என்றார். "நல்லாத்தான் ஓடுது தம்பி, அடுத்த வாரம் அனுப்புறேன்" என்றேன். பத்து நாள் கழித்துப் பாலத்தில் நின்றது. அன்று மாலையே ஓட்டம் வேறு ஆளுக்குப் போனது.

மகள் அழவில்லை. "அந்த மாமா நம்மள ஏமாத்திட்டாரும்மா. விடக்கூடாது. நீங்க லெட்டர் எழுதுங்க" என்றாள்.

நான் பதினெட்டு வருடமாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். புகார்க் கடிதம் எனக்குக் கைவந்த வேலை. தேதி, பழுது, நஷ்டம் எல்லாம் வரிசையாக எழுதினேன். 'வண்டியை ஒப்படைக்கையில் எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை' என்ற வரியையும் எழுதினேன். ஒருமுறைகூட அடித்துத் திருத்தாமல் எழுதினேன்.

மெக்கானிக் சண்டைக்கு வரவில்லை. "ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள் ஒருத்தர் முன்னால என்ஜினத் தொறப்போம்" என்றார். இங்கே பட்டறைத் தகராறுகள் பெரும்பாலும் அப்படித்தான் தீரும். சிம்பாங் அம்பாட்டில் பட்டறை வைத்திருக்கும் வயதான பாய் ஒருவரை இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பாய் ஸ்பேனரை வைத்து முதல் போல்ட்டைத் திருப்பினார். அது தடையில்லாமல் சுழன்றது.

"என்னாப்பா இது, பிள்ளைங்க பென்சில் டப்பா மூடி கணக்கா கழலுது? ரெண்டாம் முறுக்கு முறுக்கலியா? மூடிக்கு அடியில இருக்கற கேஸ்கெட்டு ஊதிக்கிட்டு ரேடியேட்டர் தண்ணியெல்லாம் போயிருச்சு பாரு."

"நான் வரச் சொன்னேன் பாய். அக்காகிட்டதான் சொன்னேன்."

மகள் முன்னால் வந்தாள். "சும்மா கதை விடாதீங்க லா மாமா. அம்மாகிட்ட சொல்லியிருந்தா அம்மா என்கிட்ட சொல்லியிருப்பாங்க. எனக்குக் காய்ச்சல்னா மணிக்கு ஒரு தடவ தொட்டுப் பாக்கறவங்க. இத மறைப்பாங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"அப்படி எதுவும் ஞாபகம் இல்லை" என்றேன். அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு நான் தட்டச்சு செய்து கொடுத்த வாக்கியம் அது. பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

மெக்கானிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியில் கையைத் துடைத்தபடி, "சரி பாய். சொல்லலன்னே வச்சுக்குங்க. நான் மறுபடி கட்டித் தர்றேன்" என்றார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மகள், பினாங்கு வேன் ஓட்டுநர்கள் வாட்ஸ்அப் குழுவில் என் கடிதத்தைப் போட்டுவிட்டாள். இரண்டு வாரம் கழித்து, காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியைக் காட்டினாள். "பாத்தீங்களா? நாலு பேரு அவர் பட்டறைக்கு இனிமே போறதில்லன்னு எழுதியிருக்காங்க. நல்லா வேணும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: புதன்கிழமையை, மார்கழியை, சனிக்கிழமை வந்த அழைப்பை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாய் கேட்டப்பவும் உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் உங்களுக்காக அவரப் பொய்யன்னு சொன்னேம்மா."

தட்டில் கை வைக்காமல் எழுந்து வெளியே போனாள். பத்து முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பாலம், லாரி, மழை என்று மனம் எங்கெங்கோ போனது. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நாலரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெக்கானிக் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"பாப்பா எங்க வீட்டுலதான்க்கா இருக்கு. வேணாம்னு சொல்லச் சொல்ல, குரூப்புல தப்பு உங்க ரெண்டு பேரு மேலதான்னு எழுதிருச்சு. கொஞ்ச நாளு அங்கேயே இருக்கட்டும். ரெண்டு செட்டு உடுப்பு மட்டும் எடுத்துட்டு வரச் சொன்னுச்சு."

"சாப்பிட்டாளா தம்பி?"

"சாப்பிட்டுருச்சுக்கா. என் சம்சாரம் பக்கத்துல உக்காந்து சாப்பிட வச்சா" என்றார்.