மார்மேல் பாரம்

பழவேற்காடு ஏரிக்கரையில் செல்லியம்மாளைப் போல டாக்டர் பேச்சைக் கேட்டவள் யாரும் கிடையாது. கேட்டது என்னவோ ஒரே ஒரு பேச்சுதான். ஆனால் அதை அவள் பிடித்த பிடி உடும்புப்பிடி.

மகள் கனகாம்பாள் வயிற்றில் இருந்தபோது, செல்லியம்மாளின் புருஷன் துலுக்காணத்துக்கு விலா எலும்பில் ஒரு கட்டி வந்தது. மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துருப்பிடிக்காத தகடு வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மார்மேல பாரம் படக்கூடாதும்மா" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. டாக்டரை எதிர்க்கேள்வி கேட்கிற துணிச்சல் அந்தக் குப்பத்தில் யாருக்கு இருந்தது?

அன்றோடு துலுக்காணம் வலை இழுப்பது நின்றது. கரையில் உட்கார்ந்து இறால் பிரித்தான். கூடையைச் செல்லியம்மாள் தூக்கினாள். கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறி, கம்பெனி வாசல்களில் மீன் விற்றாள். பிறந்த குழந்தையை அவன் மார்மேல் போட்டுக்கொள்ள விடவில்லை. அது தவழ்ந்து போய் ஏறினால் காலைப் பிடித்து இழுத்துவிடுவாள். தானும் ஒரு முழம் தள்ளியே படுத்தாள்.

"நெஞ்சுல எவர்சில்வர் வெச்சினுகீறேன். ஊட்ல குடிக்க ஒரு எவர்சில்வர் தம்ளர் இல்ல" என்று துலுக்காணம் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். கனகாம்பாளுக்கு மட்டும் அதில் சிரிப்பு வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரைக்கு வந்த படகில் ஏறி இறால் கூடையை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கும்போது துலுக்காணத்தின் கால் வழுக்கியது. நீச்சல் தெரிந்தவன்தான், ஆனால் படகு விளிம்பில் தலை மோதிவிட்டது. தண்ணீருக்குள்ளிருந்து தூக்கிப் போட்டபோது மூச்சில்லை. தலைகீழாகப் பிடித்துச் சுற்றச் சொன்னான் ஒருவன். உப்பில் புதைக்கச் சொன்னாள் ஒருத்தி. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் செல்லியம்மாள் நின்றாள்.

பக்கத்து வீட்டு லோகநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் வேலை பார்க்கும் இரும்புக் கம்பெனியில் முதலுதவி வகுப்பு நடத்தி, மூச்சு நின்றவனின் நடுநெஞ்சை எப்படி அமுக்குவது என்று காட்டியிருந்தார்கள். மண்டியிட்டுக் கையை வைத்தான். செல்லியம்மாள் புருஷன்மேல் குறுக்கே விழாத குறையாக அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"கைய வெக்காதடா! உள்ள தகடு கீது! குத்திக் கீசிடும்!"

லோகநாதன் திகைத்துப் போனான். "தகடு இருந்தா இன்னா பண்றதுன்னு க்ளாஸ்ல சொல்லலியேக்கா. அமுக்காட்டி அண்ணன் பூடும். அமுக்கினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? இத்தனை வருஷம் ஒரு பூகூட விழாமல் காத்த மார்பை இவன் அமுக்கட்டுமா என்கிறான். அமுக்கிப் புருஷன் செத்தால் கொன்றது அவள். டாக்டர் பேச்சைக் கேட்டு, சும்மா இருந்து செத்தால்? அப்போதும் அவள்தானா? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டிக்கொண்டு நின்றது. துலுக்காணத்தின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"நைனா மூச்சு வுடலம்மா" என்றாள் கனகாம்பாள்.

"ஒடஞ்சா ஒடையட்டும். அமுக்குடா!"

லோகநாதன் அமுக்கினான், நடுநடுவே வாயோடு வாய் வைத்து ஊதினான். தகடு வைத்த மார்பு லேசில் அசைந்து கொடுக்கவில்லை. "கல்லாட்டம் கீதுக்கா" என்றான், மூச்சு வாங்க. அவன் கை ஓய்வதைப் பார்த்ததும் செல்லியம்மாள் அவன் கைகள்மேல் தன் கைகளை வைத்து, கூடை சுமந்த உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினாள். உள்ளே ஏதோ மளுக்கென்றது.

"ஐயோ, ஒடச்சிட்டேனே!" என்று அலறினாள். நிறுத்துவதா வேண்டாமா என்று புரியாமல், அலறிக்கொண்டே அழுத்தினாள். துலுக்காணம் இருமினான். தண்ணீரைக் கக்கினான். இழுத்து இழுத்து மூச்சு விட்டான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "தகடு அப்படியே இருக்கும்மா. ஒரு விலா எலும்புலதான் விரிசல் விட்டிருக்கு. அமுக்காம விட்டிருந்தா ஆள் போயிருப்பார்" என்றார். "எலும்பு கூடற வரைக்கும் மார்மேல பாரம் படக்கூடாது."

அவர் நகரப் பார்த்தார். செல்லியம்மாள் வழியை மறித்தாள்.

"எத்தினி நாளைக்கு சாமி?"

"ஆறு வாரம்."

"அப்பால?"

"அப்புறம் என்ன, எல்லாரையும் போலத்தான்."

"மொத தபா ஆப்ரேசன் பண்ணி சொன்னாங்களே, அது?"

"அதுவும் காயம் ஆறற வரைக்கும்தான். ரெண்டு மூணு மாசம்."

யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்ற மகளைக் காட்டி, "அப்ப, இவள நைனா மாருல படுக்க வெக்கலாமா?" என்று கேட்டாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் தோளுக்கு மேல் வளர்ந்திருந்த பெண், வெட்கத்தில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். செல்லியம்மாள் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

"அவ வளந்துட்டாடி" என்றான் கட்டிலில் கிடந்த துலுக்காணம். "நீ அப்பிடியேதான் கீற. ஆறு வாரம் போவட்டும்."