குவாமேயின் ஈரலும் எங்கள் வீட்டுக் குழையலும்

மருமகனின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டது நான்தான். நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எது வாந்தி எடுக்கப் போகிறது என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அன்று குவாமே எங்கள் வோபர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். வாயில் வைக்கவில்லை. சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பிள்ளை அல்ல அவன்.

குவாமே கானாவில் பிறந்து, சிறு வயதில் தாயோடு கனடாவுக்கு வந்தவன். என் மகள் சிந்துவைக் கலியாணம் செய்து எங்கள் பேஸ்மென்டில் குடியிருக்கிறான். இருபத்தேழு வயது. இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதச் சொன்னதும் அவன்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோருமே வைத்தியர்கள். கண் மஞ்சள் என்றதும் செங்கமாரி (ஈரல் பழுதுபட்டுக் கண்ணும் தோலும் மஞ்சளாவது) என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். வெளிச்சாப்பாடுதான் காரணம் என்றார் என் கணவர். அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், பக்கத்து ஊரான விட்பியிலிருந்து போனிலேயே பத்தியம் சொன்னார். எண்ணெய் கூடாது, மீன் கூடாது. தமிழ்க் கடையில் கீழ்க்காய்நெல்லித் தூள் வாங்கி மோரில் கரைத்துக் கொடுத்தோம். பாவம் பிள்ளை, முகம் சுளிக்காமல் குடித்தான். மாமியார் தருவதை மறுப்பது அவர்களிடத்திலும் மரியாதை இல்லையாம்.

சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போகத் தொடங்கியபோது சிந்துவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, இனாஃப்! உங்கட மோர் வேலை செய்யேல்லை. நாங்கள் எமர்ஜென்சிக்குப் போறம்."

இரத்தம் எடுத்தார்கள். ஹெப்படைற்றிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) என்று வந்தது. எச்.ஐ.வியும் அதே வழிகளில் பரவக்கூடியது என்பதால், அந்தச் சோதனையும் செய்யலாமா என்று கேட்டார்கள். குவாமே ஓம் என்று தலையாட்டினான். முடிவு சொல்ல அழைத்த நாளில், "அம்மாவும் வரட்டும்" என்று என்னையும் அறைக்குள் கூட்டிப்போனான். எச்.ஐ.வியும் இருந்தது.

பொய் சொல்ல மாட்டேன். நான் முதலில் நினைத்தது என் மகளைத்தான்.

டொக்டர் ஒரு இளம்பெண். அவசரப்படாமல் பேசினார். ஆபிரிக்காவின் பல நாடுகளில் இந்த இரண்டு தொற்றுகளும் இளம் வயதினரிடையே நாங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம் என்றார். ஹெப்படைற்றிஸ் பி பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்தோ, குழந்தைப் பருவத்திலோ தொற்றுகிறது. பல வருடம் ஒரு அறிகுறியும் காட்டாது. ஆள் ஓடுவான், பாடுவான், பந்தடிப்பான். சோதித்தால்தான் தெரியும்.

"ஆனால் கனடாவில் ஏழாம் வகுப்பில் இதற்கு ஊசி போடுகிறார்களே? குவாமேயும் போட்டவன்தானே?" என்று கேட்டேன்.

"ஊசி என்பது கதவுக்குப் பூட்டு. இவருக்குக் கள்ளன் அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டான்," என்றார் டொக்டர்.

சிந்துவையும் சோதித்தார்கள். அவளுக்கு அதே பள்ளிக்கூட ஊசி வேலை செய்திருந்தது. எச்.ஐ.வியும் அவளுக்கு இல்லை. அந்த முடிவு வந்தபோது நடைபாதைச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். குவாமேக்கு எச்.ஐ.வி எப்போது, எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. சிந்து கேட்டாள், அவன் சொன்னான். அது அவர்கள் இரண்டு பேருடைய கதை.

குளிசை (மாத்திரை) தொடங்கினார்கள். அதிலுள்ள ஒரு மருந்து இரண்டு வைரஸையும் அடக்குமாம். ஒரு நாளும் விடக்கூடாது. தானாக நிறுத்தினால் ஈரல் மறுபடியும் வீங்கலாம்.

வீட்டுக்குள்தான் பெரிய வில்லங்கம் வந்தது. யாரும் சொல்லாமலே குவாமே கடதாசிக் கோப்பையில் (தட்டில்) சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு கீழே போகத் தொடங்கினான். எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடிந்ததும் மிச்சச் சோறு கறியெல்லாம் ஒரே சட்டியில் குழைத்து, உருண்டை உருண்டையாக எல்லோர் கையிலும் வைப்போம். குழையல் என்போம். கானாவிலும் ஒரே பாத்திரத்தில் கை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பதால் முதல் நாளே அவன் எங்களோடு ஒட்டிக்கொண்டது அந்தச் சட்டியில்தான். அந்தக் கை வராமல் போனதும் எனக்குக் குழைக்கவே மனம் வரவில்லை.

விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, அந்த நேரம் பார்த்து மச்சாள் வந்தார். கையில் ஒரு பெட்டி பிளாஸ்டிக் கோப்பைகள்.

"சிந்துவின்ர ஆளுக்கு இதில குடுங்கோ. எதுக்கும் கவனமா இருக்கிறது நல்லதுதானே?"

குவாமேயை அவர் ஒருநாளும் மருமகன் என்று சொன்னதில்லை. எப்போதும் 'சிந்துவின்ர ஆள்'.

"மச்சாள், உதைப் பிக்னிக்குக்குக் கொண்டுபோங்கோ. ஒரே கோப்பையில திண்டாலும் இது தொத்தாது எண்டு டொக்டர் எனக்கு நேர சொன்னவ," என்றேன்.

அவன் படியில் நின்று கேட்டிருக்கிறான். அடுத்த நாள் காலை அவனுடைய பை கட்டிக் கிடந்தது. சிநேகிதன் வீட்டுக்குப் போகிறானாம். சிந்து கட்டிலில் இருந்து அழுதாள். அவன் போனால் என் மகளின் வாழ்க்கையும் அந்தப் பைக்குள் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

"தம்பி, இதைக் கேள்," என்றேன். "நாங்கள் வந்த புதுசில பார்க்டேல்ல இருந்தனாங்கள். றோட்டில தண்டவாளத்தில ஓடுற ஸ்ரீட்கார்ல எனக்குப் பக்கத்தில வந்து இருந்த சனம் எழும்பிப் போகும். பக்கத்துச் சீற் வெறுமையாக் கிடந்தா எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். என்ர வீட்டு மேசையில அப்பிடி ஒரு கதிரை கிடக்க நான் விடமாட்டன். மேல வா."

அவனுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். 'மேல வா' மட்டும் நன்றாக விளங்கியது. வந்தான்.

பிறகு மெல்ல மெல்லக் கண் வெளுத்தது. பசி திரும்பியது. ஈரல் சோதனை எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இரத்தத்தில் எச்.ஐ.வி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், அது உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்று டொக்டர் சொன்னார். குவாமே அந்த நிலைக்கு வந்துவிட்டான். பிள்ளை பெறலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக என்றார். நானும் கணவரும் ஹெப்படைற்றிஸ் பி ஊசி போட்டுக்கொண்டோம்.

அதன்பிறகு அவன் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும். தன் தேவாலயத்தின் இளைஞர் கூட்டத்தில் எழுந்து நின்று, "எனக்கு இரண்டும் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சோதித்தீர்களா?" என்று கேட்டான். கானா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று பல இடத்துப் பிள்ளைகள். முதலில் ஒருத்தி கை தூக்கினாளாம். சனிக்கிழமை ஒரு வான் வண்டி நிறையப் பிள்ளைகளைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனது யார்? நான்தான். யாருக்கு என்ன முடிவு வந்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. சிந்து ஒரு டொக்டரைக் கட்டவில்லையே என்று விட்பியில் சிலருக்குக் கவலை. அந்த வானை ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும்.

முன்பு ஈரல் எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. இப்போது பஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கை தானாக வலது விலாவுக்குக் கீழே போகிறது. இத்தனை வருடம் பேசாமல் வேலை செய்த ஒன்று அங்கே இருக்கிறது. எங்கள் நாளும் மாறிவிட்டது. முன்பு ரிவி நாடகம் முடிய இரவு தொடங்கும். இப்போது குவாமேயின் போன் குளிசைக்கு மணி அடிக்கத் தொடங்கும்.

போன மாதம் சிந்துவின் பிறந்தநாள். இரவுச் சாப்பாட்டுக்கு மச்சாளும் வந்திருந்தார். சாப்பாடு முடிய, இன்று குவாமே குழைக்கட்டும் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். சட்டியை அவன் முன்னால் தள்ளினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, இறால் குழம்பும் கத்தரிக்காயும் விட்டு அழகாகக் குழைத்தான். எனக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, சிந்துவுக்கு ஒன்று. மச்சாள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அவன் கை முழுக்கச் சோறு. நான் எழும்பப் பார்த்தேன்.

"நீ இரு," என்றார் மச்சாள். குசினி அலுமாரியில் இருந்த குளிசையையும் தண்ணீரையும் எடுத்து வந்து அவனுக்கு முன்னால் நின்றார்.

"வாயைத் திற, மருமோன்."

அவன் திறந்தான். குளிசையை நாக்கில் வைத்து, தண்ணீரைத் தானே பருக்கிவிட்டார். பிறகு கதிரையை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் இருந்து, உள்ளங்கையை நீட்டினார்.

"அன்ரி, உறைக்கும்," என்றான் குவாமே.

"உறைக்கட்டும். பெருசா வை."