காசு அனுப்ப விடாத கடை

காசு அனுப்பிக் கொடுக்கும் கடை வைத்திருப்பவனுக்குப் பாதி வேலை, காசை அனுப்ப விடாமல் தடுப்பது. அந்தப் பாதிக்குக் கமிசன் கிடையாது.

என் கடை வல்வெட்டித்துறையில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. கைபேசிக்கு ரீலோட் போடலாம், மின்சார பில் கட்டலாம், ஊர்பேர் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கும் காசு போடலாம். கடைசியாகச் சொன்னதில்தான் பிழைப்பு, தலையிடியும் அதில்தான். இதே மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கடைக்கு முன்பு நான் தொழிற்சங்கக்காரன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில். சந்திக்குச் சந்தி நின்று உண்மையைச் சொல்லித் தொண்டை கட்டியது. பாதிப் பேர் நம்பவில்லை. இப்போது முகம் தெரியாத ஒருவன் கைபேசியில் ஒருதரம் கதைத்தால் போதும், முழுச் சனமும் நம்புகிறது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

மக்களே, விழித்தெழுங்கள்

காசு பறிக்கும் கூட்டத்துக்கு எதிராக நானே ஒரு பிரசுரம் எழுதி அச்சடித்தேன். பழைய பழக்கம், தலைப்பு அப்படித்தான் வந்தது. முதல் பக்கம் உலக முதலாளித்துவம். அடுத்த பக்கம் வங்கிகளின் வரலாறு. தெரியாதவன் சொல்லும் கணக்குக்குக் காசு போடாதீர்கள் என்ற வரி கடைசிப் பக்கத்தின் அடியில் ஒதுங்கிக் கிடந்தது.

அடிக்கடி கடைக்கு வரும் செல்வராணிக்கும் ஒன்று கொடுத்தேன். கடற்றொழில் செய்யும் குடும்பம். கணவரின் வள்ளத்து எஞ்சின் பழுதாகித் திருத்துமிடத்தில் கிடந்தது. அதை மீட்கும் காசை, பக்கத்து வங்கியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வராவிட்டால் கடலும் இல்லை, கறியும் இல்லை. பிரசுரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. கள்ளன்ரை நம்பரை மட்டும் போடேல்லை.”

அதட்டல்

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் ரீலோட் போட வந்தார். வங்கித் தலைமையகத்திலிருந்து ஒருவன் கதைத்ததாகவும், கைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைத் தான் உடனே வாசித்துக் காட்டியதாகவும் பெருமையோடு சொன்னார். நான் ரீலோட்டை விட்டுவிட்டு, அவருடைய வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சடித்திருந்த இலக்கத்துக்கு அந்த இடத்திலேயே அழைப்பு எடுக்க வைத்தேன். கணக்கை முடக்கினார்கள், காசு தப்பியது.

கைபேசிக்கு வரும் அந்த இரகசிய இலக்கம் உங்களுக்கு மட்டும் உரியது, எந்த வங்கியும் அதை வாயால் கேட்காது என்று விளக்கினேன். பிறகு ஏன் கொடுத்தீர்கள் என்றும் கேட்டேன். அதிகாரத்துக்குக் குனியாதே என்று நான் வாழ்நாளெல்லாம் கத்திய அதே ஊரில் அவர் சொன்ன பதில்: “அவன் அதட்டிக் கேட்டவன், தம்பி. அதட்டினா மேலிடந்தானே?”

ஆர், ரூபனே?

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால், யார் என்று வெறுமனே கேட்பது மரியாதை இல்லை. குரலை வைத்து ஆளைப் பிடிக்காவிட்டால், எங்களை மறந்துவிட்டீர்கள் என்று அந்தப்பக்கம் கோபிக்கும். ஆகவே பெயரையும் நாங்களே சொல்லித்தான் கேட்போம். கள்ளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

செல்வராணியின் கைபேசி என் கடையில் வைத்து அடித்தது. எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். ஆர், ரூபனே என்றார்; ஓம் மாமி என்றது குரல். பரிஸிலிருந்தோ என்றார், அதற்கும் ஓம். குரல் மாறியிருக்கிறதே, குளிராக்கும் என்று காரணத்தையும் அவரே கொடுத்தார். ரூபன் அவருடைய அண்ணன் மகன். செல்வராணி தன் மகளின் கலியாணத்தைத் தங்களுக்குப் பிந்திச் சொன்னார் என்று பரிஸிலிருக்கும் அண்ணன் குடும்பம் கதைபேச்சை முறித்துக் கனகாலம். அந்த ‘மாமி’யைக் கேட்டதும் செல்வராணியின் கண் கலங்கிவிட்டது.

பிறகு விசயம் வந்தது. மாமிக்கு அனுப்பிய பொதியைச் சுங்கத்தில் மறித்துவிட்டார்களாம். ஓர் அதிகாரியின் கணக்குக்கு உடனே காசு போடவேண்டும். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. செல்வராணி பக்கத்து வங்கிக்குப் போய் எஞ்சின் காசோடு வந்து நின்றார். நான் போடமாட்டேன் என்றேன். சுங்கம் தனி ஒருவரின் கணக்குக்குக் காசு கேட்காது, அவசரமும் இரகசியமும் சேர்ந்து வந்தால் கள்ளம்தான், ரூபனின் பழைய இலக்கத்துக்கு எடுத்துப் பாருங்கள் என்றேன். அவர் எடுக்கவில்லை. “இவ்வளவு காலத்துக்குப் பிறகு கதைச்ச பிள்ளையிட்டை, நீ கள்ளனோ எண்டு கேக்கச் சொல்லுறியளே? உங்களுக்குச் சொந்தக்காரர் எண்டு ஒருத்தரும் இல்லைப்போல.”

ஒரு சுகசேதி

காசு இன்னும் வரவில்லையே என்று குரல் திரும்பவும் எடுத்தது. அவனைக் குற்றம் சொல்லவேண்டாம், உன் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததாமே என்று மட்டும் கேளுங்கள் என்று செல்வராணியிடம் சொன்னேன். ரூபன் ஒரே பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். அவர் என்னை முறைத்துவிட்டுக் கேட்டார். ஓம் மாமி, பெட்டைப்பிள்ளை என்றது குரல்.

செல்வராணி காசைத் திரும்பவும் முடிந்துகொண்டார். எஞ்சின் காசு தப்பிவிட்டது. இப்போதுதான் கிடைத்த மருமகன் போய்விட்டான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒருமாதிரி இருந்தது. பிறகு அவர் பிள்ளை என்ன நிறை என்று விசாரித்தார். ஆரைப் போல என்றார். பெயர் வைத்தாயிற்றோ என்றார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கடையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் மிக அன்பாகச் சொன்னார்: “ரூபனுக்குத் தங்கச்சி இல்லை, மோனை. உனக்கு இருந்தா அவளிட்டைக் காசைக் கேள்.”

பரிஸில் இருந்தவன்

பாசத்தால் எடுக்க முடியாத அழைப்பை அவர் கோபத்தால் எடுத்தார். உன் பெயரை ஒருவன் கெடுக்கிறான் என்று சொல்ல ரூபனின் பழைய இலக்கத்தை அழுத்தினார். மறுமுனையில் அவன்தான். ஆனால் செல்வராணி இனி இலேசில் நம்புகிற ஆளில்லை. அப்பப்பாவின் வள்ளத்துக்கு என்ன பெயர், கிணற்றுக்குள் செருப்பைப் போட்டது ஆர், அடி வாங்கினது ஆர் என்று மறியலில் கிடக்கும் கைதியை விசாரிப்பதுபோல விசாரித்தார். எல்லாம் சரி வந்தபிறகுதான் சுகம் கேட்டார். பிறகு அவனோடிருந்த அண்ணன் கைபேசியை வாங்கிக் கதைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டு கதைத்ததில் ஒன்றும் விளங்கவில்லை. அதற்கு முன் ரூபன் சொன்னது மட்டும் கடை முழுக்கக் கேட்டது: “மாமி, பிரெஞ்சுப் பிரசாவுரிமைக்குக்கூட என்னை இவ்வளவு கேள்வி கேக்கேல்லை.”

கடைசி வரி

எஞ்சின் வந்தது, வள்ளம் கடலுக்குப் போனது. செல்வராணி சொல்லிவைத்தபடி அவருடைய மின்சார பில்லை என் கைக்காசில் கட்டிவிட்டு, காசைக் கொண்டுவந்து தாருங்கள் என்று சொல்லக் கைபேசியில் எடுத்தேன். கடை அண்ணை கதைக்கிறேன் என்றேன்.  அந்தப்பக்கத்திலிருந்து வந்தது கேள்வி: “அண்ணையெண்டா, உங்கடை நோட்டீசின்ரை கடைசி வரியைச் சொல்லுங்கோ பாப்பம்.”

எனக்கு உலக முதலாளித்துவம் முழுவதும் மனப்பாடம். கடைசி வரி மட்டும் நாக்கில் வரவில்லை.

கேள்வி கேளுங்கள் என்று வாழ்நாள் முழுக்கக் கத்தியவன் நான்; சனம் கேட்கத் தொடங்கியதும் பதில் தெரியாமல் மாட்டுப்பட்ட முதல் ஆளும் நானேதான்.